ஐந்தாம் மாடியில் பத்தொன்பது நிமிடங்கள்

வார்டுக்கு முதல் நாள் வரும் மாணவிகளில் பாதிப் பேர் காலையில் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். பயத்தில் தொண்டைக்குள் இறங்காது. அதனால் என் பையில் கடற்பாசித் தாளில் சுற்றிய சோற்றுச் சுருள்கள் நாலைந்து எப்போதும் இருக்கும். படிக்கட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்த பிறகுதான் உள்ளே அனுப்புவேன். கல்லூரியில் என்னைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். கண்டிப்பானவள் என்று சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் வெறும் வயிற்றோடு யாரையும் நான் நிற்க வைத்ததில்லை.

என் பெயர் தக் ஹே-ரான். வயது ஐம்பத்து மூன்று. குன்சான் நகரில் ஒரு செவிலியர் கல்லூரியில் பதினோரு வருடமாக மருத்துவமனைப் பயிற்சி என் பொறுப்பில் இருக்கிறது. நான்கு வருடப் பட்டப்படிப்பு. முதல் இரண்டு வருடம் வகுப்பும் பொம்மையும். அப்புறம் மெழுகுவத்தி ஏற்றி உறுதிமொழி எடுப்பார்கள், அம்மாக்கள் பின்வரிசையில் உட்கார்ந்து அழுவார்கள். அதன் பிறகு ஆயிரம் மணி நேரம் வார்டில்.

அந்தப் பொம்மையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூச்சு விடும், இருமும், நாடி துடிக்கும். தப்பான மருந்து கொடுத்தால் செத்துப்போகும். பொத்தானை அழுத்தினால் எழுந்துகொள்ளும். இரண்டு வருடம் அதோடு பழகிய பெண்ணுக்கு மனிதர்களும் அப்படித்தான் என்று உள்ளுக்குள் எங்கோ பதிந்துவிடுகிறது. வார்டுக்கு வந்தாலாவது மாறுமா என்றால், அங்கே "எதையும் தொடாதே, ஓரமா நில்லு" என்கிறார்கள். ஆயிரம் மணி நேரமும் சுவரோரம் நின்று, காய்ச்சல் பார்த்து, எழுதி வைத்துவிட்டுப் பட்டம் வாங்கிவிடுகிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு நோயாளிக்கான ஊசியை வேறொருவர் கையில் ஏற்றப் போனேன். மூத்த செவிலி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அவர் எதுவும் திட்டவில்லை. ஆனால் அந்த நிமிடத்துக்குப் பிறகு இருபத்தைந்து வருடம் நான் ஒரு தவறும் செய்ததில்லை. நான்கு வருடப் படிப்பு தராத ஒன்றை அந்த ஒரு பயம் தந்தது. அந்த நிமிடத்தை என் மாணவிகளுக்கும் கொடுக்க நினைத்தேன். வேறு எந்த நோக்கமும் இல்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் நான் ஒரு நோயாளியின் கட்டிலில் பக்கக் கம்பியை இறக்கி வைத்ததில் தொடங்கியது. இரண்டு நிமிடத்தில் ஒரு மாணவி கவனித்து, ஓடிவந்து ஏற்றினாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் வகுப்பறையில் ஒருநாளும் பார்த்ததில்லை. அடுத்த வாரம் இரண்டு நோயாளிகளின் பெயர் எழுதிய கைப்பட்டையை மாற்றிக் கட்டினேன். பட்டினியாக இருக்க வேண்டியவர் பக்கத்தில் பார்லி தண்ணீரை வைத்தேன். எப்போதும் பத்தடி தூரத்துக்குள் நிறுத்துக்கடிகாரத்தோடு நின்றேன். யார், எத்தனை நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள் என்று நோட்டில் குறித்தேன். யாரும் கவனிக்காவிட்டால் நானே போய்ச் சரிசெய்துவிடுவேன். ஒரு முறை மட்டும் கொஞ்சம் தாமதமாகி, கட்டிலிலிருந்து விழுந்த ஒரு அம்மாளுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அவருக்கு ஏற்கெனவே எலும்பு பலவீனம்.

இந்த வசந்தகாலத்தில் ஓக் தா-சோம் வந்தாள். நான்காம் வருடம். மற்றவர்களைவிட நாலு வயது மூத்தவள். மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவள். உரத்த குரல். நோயாளிகளுக்கு அவளைப் பிடித்தது, முக்கியமாக ஐந்தாம் மாடியில் இருந்த கு பன்-சோக் என்ற முதியவருக்கு. படகோட்டியாக இருந்தவர். இதயமும் சிறுநீரகமும் நலிந்து வந்திருந்தார். அவர்கள் பேச்சு தாழ்வாரம் வரை கேட்கும்.

"தாத்தா, கையக் காட்டுங்க."

"எதுக்கு, ஜோசியம் பாக்கப் போறியா?"

"ஆமா. இன்னைக்கும் உப்பில்லாத கஞ்சிதான்னு ரேகையில இருக்கு."

"போடி போக்கிரி. அறுபது வருஷம் உப்புக் காத்துலயே கெடந்தவன் நானு. எனக்கு உப்பு ஆகாதாம்!"

மூன்று வாரத்தில் நான் ஏழு தவறுகள் வைத்தேன். ஏழையும் தா-சோம்தான் கண்டுபிடித்தாள். அவள் குழுவில் இருந்த மற்ற ஐந்து பேரும் அருகில் இருந்தும் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அது நல்லதாக முடியவில்லை. வார்டின் தலைமைச் செவிலி பியோ என்னைத் தனியே அழைத்தார்.

"மேடம், இத்தனை வருஷத்துல என் வார்டுல இவ்வளவு தப்பு நடந்ததில்ல. எல்லாத்தையும் கண்டுபிடிக்கிறது அந்த ஒரே பொண்ணு. உங்களுக்கு ஒண்ணும் தோணல?"

"என்ன தோணணும்?"

"அவளே பண்ணிட்டு அவளே கண்டுபிடிக்கிறாளோன்னு. நல்ல பேர் வாங்க."

இருக்கலாம் என்றேன். இருக்கிறது என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அந்த மாடியில் காற்றே மாறிவிட்டது. மாணவிகள் அவளோடு சாப்பிட உட்காரவில்லை. அவள் அறைக்குள் நுழைந்தால் ஒருத்தி பின்னாலேயே போவாள். மருந்து வண்டியை விட்டு நகரும்போது அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் நகர்ந்தார்கள். எல்லோரும் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தார்கள். உண்மையைச் சொன்னால், பதினோரு வருடத்தில் நான் பார்த்த மிகக் கவனமான குழு அதுதான். சந்தேகம் இவ்வளவு நல்ல ஆசிரியராக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் துணிகள் அடுக்கும் அறையில் தா-சோம் என்னிடம் வந்தாள். கையில் அவளது பயிற்சிக் குறிப்பேடு.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"ஏழு தடவையும் நான் நேரம் குறிச்சு வெச்சிருக்கேன். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி அந்த ரூமுக்கு யார் யார் வந்தாங்கன்னும் எழுதியிருக்கேன். மத்தவங்க எல்லாம் மாறி மாறி வராங்க. ஏழு தடவையும் வந்தது நீங்க மட்டும்தான்."

"என்ன சொல்ல வர்ற நீ?"

"சொல்ல வரல மேடம். கேக்குறேன்."

அவள் குறிப்பேட்டை விரித்து என் பக்கம் திருப்பினாள். பார்வையைத் தாழ்த்தவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாக இருந்தது. வேறு ஒருத்தியும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. ஆனால் அவள் மிகவும் இளைத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"சரியா தூங்குறதில்ல போல," என்றேன். "நாளைக்கு வார்டுக்கு வேண்டாம். கீழ ரெக்கார்டு ரூம்ல உக்காந்து எழுது."

"தாத்தாவுக்கு நாளைக்குத்தான் டிரிப்பு மாத்துறாங்க, மேடம்."

"மத்தவங்க இருக்காங்கல்ல?"

அது அவள் நன்மைக்காகச் செய்தது. அவள் இருக்கும்வரை மற்றவர்களைச் சோதிக்கவே முடியவில்லை என்பதும் ஒரு காரணம்தான். அதையும் நான் மறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு நான் கு பன்-சோக்கின் கட்டில் பக்கம் போனேன். அவருக்குச் சொட்டுச் சொட்டாக மட்டுமே நீர் ஏற வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். அவர் இதயத்தால் அதற்கு மேல் தாங்க முடியாது. நான் டிரிப்புக் குழாயில் இருந்த திருகை முழுக்கத் திறந்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். கடிகாரத்தை அழுத்தினேன்.

அந்த அறையில் ஐந்து மாணவிகள் இருந்தார்கள். தலைமைச் செவிலி பியோ இருந்தார். இன்னொரு செவிலியும் இருந்தார்.

நாலாவது நிமிடம் ஒருத்தி அவருக்குக் காய்ச்சல் பார்த்தாள். அவர் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். எட்டாவது நிமிடம் அவர் இரும ஆரம்பித்தார். பதினொன்றில் படுக்க முடியவில்லை, உட்கார வையுங்கள் என்றார். ஒருத்தி கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டு, நோயாளி வசதியாக இருக்கிறார் என்று எழுதினாள். திருகு அவள் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

பதினான்காவது நிமிடம் அவர் கேட்டார், "அந்தப் பொண்ணு எங்க? அந்தச் சத்தக்காரி?"

"அவ கீழ இருக்கா தாத்தா," என்றாள் ஒருத்தி.

"வரச் சொல்லு அவள."

யாரும் போகவில்லை. அவளைக் கூப்பிட யாருக்கும் மனமில்லை. பத்தொன்பதாவது நிமிடம் அவர் உதடு நீலமாகிவிட்டது. கடிகாரத்தை நிறுத்தினேன். எல்லோரும் கத்தினார்கள், நான் கத்தவில்லை. போகிற வழியில் திருகை மூடிவிட்டு, அவர் நெஞ்சில் முதலில் கை வைத்தவள் நான்தான். நாற்பது நிமிடம் விடாமல் அழுத்தினேன். அதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவர் பிழைக்கவில்லை.

அன்று காலை பத்தரை மணிக்குத் தா-சோம் கையெழுத்து வாங்க மேலே வந்து போனது பியோவுக்கு நினைவு வந்தது. அவள் பெட்டியைத் திறந்தார்கள். ஏழு தவறுகளும் நிமிடக் கணக்கோடு எழுதிய குறிப்பேடு கிடைத்தது. குற்றவாளி ஆசையாக எழுதி வைத்தது போலத்தான் இருந்தது. கல்லூரி அவளை விலக்கியது. நீங்கள் அவளைக் காவல் நிலையத்தில் வைத்து இரண்டு நாள் விசாரித்தீர்கள். கருவாட்டுக் கடை வைத்திருக்கும் அவள் அம்மா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"என் பொண்ணு ஒரு மீனக்கூட வதைச்சு அறுக்க மாட்டா, டீச்சரம்மா. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

எனக்குத் தெரிந்ததை எழுதித் தந்திருக்கிறேன் என்றேன். எழுதியும் தந்திருந்தேன்: திறமையான மாணவி, பாராட்டை விரும்புபவள். இரண்டில் எது பொய்?

பிறகு, அவள் எழுதியதில் ஏழு தடவையும் என் பெயர் இருந்ததைக் கவனித்து, நீங்கள் என் அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தீர்கள். அவள் குறிப்பேட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரத்துக்கும் சில நிமிடங்கள் முன்னால் ஒரு நேரம் என் நோட்டில் இருப்பதைப் பார்த்தீர்கள். தவறு கண்ணில் படும் முன்பே அதன் நேரம் எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். நான் அதை ஒளித்து வைக்கவில்லை. மாணவிகளின் மதிப்பீட்டை ஒளித்து வைக்கும் வழக்கம் எனக்கில்லை. கு பன்-சோக்கின் மரணத்துக்குக் காரணமான திருகைத் திறந்தது நான். முந்தைய ஏழும் நான். அதற்கு முந்தைய நாலு வருடமும் நான். தா-சோமுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவள் தேர்ச்சி பெற்றுவிட்டாள் என்று கல்லூரிக்குத் தெரிவியுங்கள். மற்ற ஐந்து பேருக்கும் நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை.

நீங்கள் தட்டச்சு செய்த என் வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. ஓரிடம் மட்டும் திருத்த வேண்டும். அந்தப் பத்தொன்பது நிமிடத்தில் அவரைக் காப்பாற்றியிருக்கக் கூடியவர்கள் அறையில் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். ஏழு பேர் என்றேன். நீங்கள் எட்டு என்று போட்டிருக்கிறீர்கள்.

ஏழுதான். தேர்வு நடத்துபவரைத் தேர்வு எழுதுபவர்களோடு சேர்த்து எண்ணுவதில்லை.