பஃபிங் பேப்பர் போட்ட துப்பாக்கி

ஆம்பூரில் வேலூர் பஸ் ஏறிய இருவர், தோல் ஃபேக்டரி அட்டை கழுத்தில் தொங்க, எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பள்ளிகொண்டா தாண்டியதும் ஜன்னலோரத்தில் இருந்தவர் சொன்னார்:

"துப்பாக்கிக்கு பஃபிங் பேப்பர் போட்டுட்டேன்பா."

"இன்னாது?"

"செத்துப்போன மாமாவோட பழைய பிரெஞ்சு ரெட்டைக்குழல். வித்துக் குடுடான்னு அக்கா சொல்லிச்சு. பளபளன்னு இருந்தா ஜாஸ்தி வெல போவும்னு, தோல் தேய்க்கிற பேப்பர எடுத்தாந்து தேச்சேன்."

"நல்லதுதானே?"

"துப்பாக்கிக் கடைக்காரரு லென்ஸ் வச்சித் தேடறாரு. குழலுக்கடியில செஞ்சவன் பேரு, பிரான்ஸ் முத்திரை இருந்தாத்தான் வெலையாம். நான் தேச்சதுல முத்திரையில பாதி கிரீடந்தான் மிச்சம். 'யாரு தேச்சது?'ன்னாரு."

"இன்னா சொன்ன?"

"மாமா வாங்கும்போதே அப்படித்தான்னேன்."

"அக்காகிட்ட?"



"டூப்ளிகேட்டு, அதான் கம்மி வெலைக்குப் போச்சுன்னேன். மாமாவ எவனோ ஏமாத்திட்டான்னேன்."

"அடப்பாவி! அதுக்கு அக்கா?"

"நீ தேச்சிக் குடுத்ததாலதான்டா இந்த வெலையாவது வந்துச்சுன்னு சொல்லி, எனக்கு ஒரு சட்ட எடுத்துக் குடுத்துச்சு."

"எந்தச் சட்ட?"

"இதான்."