நேர்த்திக் கால்

— மறுகா? கல்லடிப் பாலத்தில வெறுங்காலோட ஓடினாய். மறுகா என்ன நடந்த?

— மறுகா ஒண்டுமில்ல மச்சாள். விடிய எழும்பக்குள்ள ரெண்டு காலிலயும் முன்னெலும்பு நோகும். ஓடத் தொடங்கினாக் குறையும். ஓடி முடிஞ்சு வீட்ட வந்தாத் திரும்ப நோகும்.

— தார் றோட்டில, வெறுங்காலோட.

— கதிர்காமத்துக்கு வெறுங்காலோடதானே நடக்க வேணும். கால் பழக வேணாமா?

— பழகத்தான் வேணும். அதுக்கெண்டு சப்பாத்துப் போட்டே வளர்ந்த கால ஒரே நாளில கழட்டித் தாரில விடுறதா? டிலக்சனா, நீ பள்ளிக்கூடத்தில என்ன படிப்பிக்கிற எண்டு ஒருக்காச் சொல்லு, கேப்பம்.

— உங்களுக்குத் தெரியும்தானே.

— இல்ல, உன்ர வாயால சொல்லு.

— உடற்கல்வி.

— உடற்கல்வி டீச்சர். பிள்ளைகள் கை கால உதறாம ஓட வெளிக்கிட்டா விசில் ஊதி ஏசுற ஆள். உனக்கு விசில் ஊதத்தான் ஆளில்லாமப் போயிட்டு. ஊருக்குத்தானே புள்ள உபதேசம்.

— சிரிச்சு முடிச்சிட்டீங்களெண்டா காலப் பாருங்க.

— இன்னும் முடியல்ல. களிசான முழங்கால் மட்டும் சுருட்டு சாமி.

— சாமியா?

— கதிர்காமம் நடக்கிற ஆக்கள் ஒருத்தர ஒருத்தர் சாமியெண்டுதானே கூப்பிடுற. தம்பிர பொஞ்சாதியெண்டு நான் புள்ள, கிள்ளையெண்டு கூப்பிட்டு, முருகன் கோவிச்சா ஆரு பதில் சொல்லுற? என்ன புள்ள இது, இப்பிடிச் சிவந்து கிடக்கு. என்னத்தப் பூசின நீ?

— அம்மா நல்லெண்ணெய் காச்சி உரஞ்சி விட்டா.

— உரஞ்சினாவா, வயல் வட்டைய உழுதாவா? ஏற்கனவே நொந்து போயிருக்கிற இடத்தச் சூடாக்கி, அமத்தி உரஞ்சினா வேற என்ன நடக்கும். ஏன் என்னட்ட முதலே வரல்ல?

— வந்தா இப்பிடித்தான் பகிடி பண்ணுவீங்கெண்டு தெரியும்.

— பிசியோவெண்டு ஒரு மச்சாள் கல்லடியிலயே இருக்கன். பாலத்தில ஓடுறவள் ஒரு எட்டு என்னட்ட ஓடி வந்திருக்கலாம். சரி, பாலத்தில நொந்தவுடன நிப்பாட்டினியா?

— ஓம். பாலத்த விட்டுட்டு கடற்கரைக்குப் போனன். மணல் மெத்தையெண்டு.

— கெட்டிக்காரி. அந்தக் கர கடல்பக்கம் சரிஞ்சு கிடக்கு. ஒரு கால் மேல, ஒரு கால் கீழ. அதான் வலது கால் கூட வீங்கியிருக்கு. இஞ்ச பாரு, கெண்டைத் தச இந்த எலும்பிலதான் பிடிச்சிருக்கு. நீ ஒவ்வொரு அடி வைக்கக்குள்ளயும் அது எலும்ப இழுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டினா எலும்பும் தன்னப் பெலப்படுத்திக்கும். நீ அதுக்கு மூச்சு விட நேரம் குடுக்கல்ல.

— அப்ப மருந்து?

— ஓட்டத்த நிப்பாட்டுறதுதான் முதல் மருந்து. பள்ளிக்கூட வாசலில பிள்ளைகள் சூப்புதுகளே ஐஸ் பக்கெட், அதில ரெண்ட வாங்கித் துவாயில சுத்திக் காலில வை. ஐஸ நீ சூப்பிப்போட்டு வெறும் பையக் காலில வைக்காத. சும்மா இருக்க ஏலாட்டி சைக்கிள் ஓடு. இல்லாட்டி வாவியில நீந்து.

— வாவியில முதலை கிடக்கு மச்சாள்.

— அப்ப நீந்தவும் வேணாம். முதலையக் கண்டா நீ திரும்ப ஓடத் தொடங்கிருவாய். நோ குறைஞ்சாப் பொறகு படியில நிண்டு குதிக்கால மெல்ல உயத்தி, மெல்ல இறக்கு. கெண்டை பெலப்படும். மறுகா சப்பாத்தோட நட. நடந்து நோவில்லாட்டிக் கொஞ்சம் ஓடு. எல்லாத்துக்கும் சில கிழமை எடுக்கும்.

— சில கிழமையா? வாற கிழமை குழு வெளிக்கிடுது. சீனித்தம்பியண்ணர் வேலோட முன்னுக்குப் போவார், நான் அவங்களோட நடக்க வேணும்.

— உகந்தை வரைக்கும் பஸ்ஸில போ. அங்க இருந்து காட்டுப் பாதையில மட்டும் நடக்கிற ஆக்களும் இருக்காங்கதானே.

— அது பஸ் யாத்திரை.

— வாய் மட்டும் நல்லாத்தான் நடக்குது. சரி, காலக் காட்டு, எலும்ப அமத்திப் பாக்கிறன். இஞ்ச நோகுதா?

— ஓம்.

— இஞ்ச?

— ஓம், ஆனா பெரிசா இல்ல.

— இதில?

— அதில தொடாதீங்க மச்சாள்.

— இதிலதானா? விரல் நுனியளவு இடம்.

— ஓம். கையை எடுங்க.

— ஒருக்கா எழும்பி அந்தக் காலில மட்டும் துள்ளிக் காட்டு.

— ஏலா.

— ஓடுறவளுக்கு ஒரு துள்ளுத் துள்ள ஏலா. ராவில சும்மா படுத்திருக்கக்குள்ளயும் நோகுதா?

— கொஞ்ச நாளா அப்பிடித்தான்.

— இத ஏன் முதலே சொல்லல்ல? இனிப் பகிடி இல்ல புள்ள, வடிவாக் கேள். எலும்பு நீட்டுக்கு நொந்தா அது தச இழுக்கிற நோ, ஆறிரும். இப்பிடி ஒரு இடத்தில மட்டும் குத்தினா எலும்பில மயிரளவு வெடிப்பு இருக்கலாம். அதோட கதிர்காமம் வரைக்கும் நடந்தாக் கால் முறியும். நான் டொக்டரோட கதைக்கிறன், இண்டைக்கே எக்ஸ்ரே எடுப்பம்.

— எக்ஸ்ரே வேணாம்.

— ஏன், பயமா?

— பயமில்ல. வேணாம்.

— வெடிப்புத் தெரிஞ்சா நடக்க விடமாட்டமெண்டு யோசிக்கிறாய்.

— அதுவும்தான்.

— டிலக்சனா, கோவிக்காத. நேர்த்தி என்னத்துக்கெண்டு எனக்குத் தெரியும். முந்தி வயித்தில தங்காமப் போனதும் தெரியும், நீ அழுததும் தெரியும். உனக்கு மட்டுமா ஆச? நானும் மாமியாக வேணுமெண்டுதான் பாத்துக்கிட்டு இருக்கன். அதுக்கெண்டு, கால ஒடச்சிட்டு வா, புள்ள தாறனெண்டு முருகன் கேக்கல்லயே. இந்த வருசம் ஏலாட்டி அடுத்த வருசம் போய்க் கேப்பம். நானும் உன்னோட வாறன், வெறுங்காலோட.

— நான் கேக்கப் போகல்ல மச்சாள்.

— கேக்காம? இவ்வளவு தூரம் நடந்து போய் முருகனச் சுகம் விசாரிச்சிட்டு வரப் போறியா?

— உங்களுக்கு விளங்காது.

— விளங்காதுதான். நிலோஜனுக்கு எடுக்கிறன், அவனுக்கு விளங்கும். பாசிக்குடா ஹோட்டலில வெள்ளக்காரனுக்கு மீன் பொரிச்சது போதும், வந்து பொஞ்சாதியப் பாக்கட்டும்.

— அவருக்கு எடுக்காதீங்க. ஃபோனக் கீழ வைங்க மச்சாள். உங்களக் கும்பிட்டுக் கேக்கிறன்.

— வைச்சிட்டன். அழாத. என்னம்மா, ஒரு எக்ஸ்ரேக்கு இப்பிடியா? எழும்பு, நானே கூட்டிப் போறன். ஊசி இல்ல, ஒண்டுமில்ல. மேசையில கால நீட்டி வைக்கிறதுதான் வேல. அதுக்கு முதல் பேரும் வயசும் கேப்பாங்க, மறுகா வேற ஒண்டு ரெண்டு கேள்வி. அவ்வளவுதான்.

— அதில ஒரு கேள்விக்குத்தான் என்னால பதில் சொல்ல ஏலா.

— எந்தக் கேள்விக்கு?

— வயித்தில புள்ள இருக்கா எண்டு கேப்பாங்க மச்சாள். ஓமெண்டு முதல் முதலா முன்னப்பின்னத் தெரியாத எக்ஸ்ரேக்காரனிட்டப் போய் எப்பிடிச் சொல்லுற? உங்கட தம்பிக்கே நான் இன்னும் சொல்லல்ல.