ராக்காயி கடையின் கசிவு

— தேங்காச் சம்பலுக்கு அரைக்கிறத செத்த நிறுத்துங்க ராக்காயி. அம்மிச் சத்தத்துல கம்பியில ஒண்ணும் கேக்கல.

— நிறுத்தியாச்சு. இன்னும் எத நிறுத்தணும், அடுப்பையா, மூச்சையா? தரையில கம்பிய ஊணி, அதுல காதக் குடுத்துக்கிட்டு தெனமும் குந்தியிருக்கீங்களே, நகரசபையில ஒங்களத் தண்ணிக் குழாய்க்கு வச்சாங்களா, என் தேத்தண்ணிக் கடைக்குக் காவலுக்கு வச்சாங்களா?

— உடைப்பு இருக்குங்க. அதான் பாருங்க, வெள்ளக்காரன் போட்ட பைப்பு. சுதந்திரம் வந்து பத்து வருசமாகப் போவுது, பைப்பு இன்னும் அதேதான். டிக்கோயா ரோட்டுக்குப் போற லைன் நேரா ஒங்க கடைக்கு அடியாலதான் ஓடுது.

— போன மாசம் வாசல்ல தோண்டி, சணலத் திணிச்சு, ஈயத்த உருக்கி ஊத்தி ஒண்ண அடைச்சீங்களே, அது?

— அது பெரிசு. இது சின்னக் கசிவு. நூலாட்டம். நல்லாக் காது குடுத்தாத்தான் கேக்கும்.

— அப்ப ஒடைங்க.

— எதங்க?

— தரையத்தான். பொங்கலுக்குப் பூசின சீமெந்து, போனாப் போவுது. ஊருத் தண்ணி வீணாப் போகலாமா? அந்தா, கதவு மூலையில அலவாங்கு நிக்குது.

— இன்னைக்கே என்னங்க அவசரம். தரை வழவழன்னு நல்லா இருக்கு. நாளைக்கும் ஒருக்கா வந்து கேட்டுப் பாக்குறேன்.

— நாளைக்கு நான் எங்க இருப்பேனோ. மத்தியான பஸ்ஸுல எங்கண்ணன் பழனியாண்டி அக்கரப்பத்தனையில இருந்து வாராரு. புருசன் போயி ஆறு வருசமாச்சு, இப்பிடியே தனியாக் கெடந்தா எப்பிடிம்மான்னு கேக்குறாரு. ஒரு மாப்பிள்ளயப் பாத்து இன்னைக்கே பேசி முடிக்கணுமாம். என்ன, கம்பி விழுந்துருச்சு?

— கை வழுக்கிருச்சுங்க. மாப்பிள்ள எந்தத் தோட்டம்?

— தோட்டமில்ல, டவுனு. மாசச் சம்பளம். தாரமும் இல்ல, குடியும் இல்ல. ஒரே ஒரு கொறதான்.

— என்ன கொற? காலு ஊனமா?

— வாயி. மனசுல இருக்குறது வெளிய வராது.

— ஊமையா? ஊமைக்கா ஒங்களக் கட்டிக் குடுக்கப் போறாங்க? அநியாயமுங்க இது.

— அநியாயம்னா எங்கண்ணன் வந்ததும் நீங்களே நாலு வார்த்த சொல்லுங்களேன்.

— நான் என்னன்னு சொல்லுவேன்?

— ஒங்க மனசுல உள்ளத.

— என் மனசுல என்னங்க இருக்கு. எந்திரிச்சா மலையில ஊத்து ஞாபகம். மாடு கீடு எறங்கிக் கலக்கிருச்சான்னு பாக்கணும், அட்டை வேற காலெல்லாம் ஏறும். அப்புறம் மணல் தொட்டி. மேல படியுற சேத்த வழிச்சு, மணலக் கழுவி மறுபடி போடணும். அதுக்குள்ளால ஊறி வர்ற தண்ணியப் பாத்தீங்கன்னா ராக்காயி, அடியில கெடக்குற கல்லு ஒவ்வொண்ணும் தெரியும். எனக்கு அதுல ஒரு சந்தோசம். மருந்துத் தூளக் கலந்து டேங்கியில விட்டு, வால்வு வால்வாத் தொறக்கணும். மொத மார்க்கெட்டு, அப்புறம் கோயில் தெரு, கடைசியா இந்த ரோடு.

— தண்ணியப் பத்திக் கேட்டா மட்டும் மடை தொறந்தாப்பல வருது. பேரு சோலைமலை, மத்தப் பேச்செல்லாம் சொட்டுச் சொட்டாத்தான். அதென்ன, முன்னெல்லாம் எங்க ரோட்டுக்குத்தானே மொதல்ல தொறப்பீங்க?

— கடைசியா வச்சாத்தாங்க வேல முடிஞ்சு இங்கன கொஞ்ச நேரம் உக்காந்து... கம்பிய வச்சுக் கேக்கலாம்.

— ஓகோ. தெருக்குழாயடியில குடம் வச்சுக்கிட்டு நிக்கிறவளுக எல்லாம் என்னையப் பாத்துச் சிரிக்கிறாளுக, தெரியுமா?

— ஏங்க, தண்ணி சரியா வரலியா?

— வருது, வருது. சரி, மொத நாளு தேத்தண்ணி குடிக்க வந்தப்ப ஒங்கள நான் அண்ணேன்னு கூப்பிட்டேன். நெனவிருக்கா?

— இருக்குங்க. அப்புறம் நிறுத்திட்டீங்க.

— ஏன் நிறுத்துனேன்னு யோசிச்சீங்களா?

— யோசிச்சேன். எதும் தப்பா நடந்துக்கிட்டேனோன்னு தூக்கமே வரல.

— முருகா. பாறையில கூட ஊத்து வருது, இந்த மனுசன் வாயில வராது.

— ராக்காயி, அந்த மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லப் போறீங்களா?

— சொல்லலாம்னுதான் இருக்கேன்.

— சொல்லாதீங்க.

— ஏன்?

— அதான் பாருங்க... நீங்க கடையப் பூட்டிட்டுப் போயிட்டா நான் எங்க போயி உடைப்பத் தேடுவேன்?

— எட சோலைமலை, இஞ்சையோ நிக்கிறாய்? கோயில் தெரு வால்வு இறுகிப்போய்க் கிடக்குது. உன்னைத் தேடித் தேடிக் களைச்சுப்போனன்.

— வாங்க ஓவசியர் அய்யா. இவரு இங்க உடைப்புத் தேடுறாருங்க.

— உடைப்போ? என்ன பிள்ளை கதைக்கிறாய். அதை இவன் போன மாசமே வடிவா அடைச்சுப்போட்டான், நானே வந்து பாத்தனான். அடைச்ச நாளிலை இருந்து விடியக்காலமை டாங்கி நிரம்பி வழியுது. இந்த லைனிலை ஒரு சொட்டும் வீணாப் போகேல்லை.

— அய்யா, அது வந்துங்க...

— வந்துமில்லை போயுமில்லை. இல்லாத உடைப்பை என்னத்துக்கடா தேடுறாய்? பிள்ளை, இவன் உன்னை நல்லா ஏமாத்திப்போட்டான்.

— ஏமாறலங்கய்யா. படுத்தா தரைக்கடியில இரைஞ்சுக்கிட்டே இருந்த சத்தம், இவரு அடைச்ச அன்னைக்கே நின்னு போச்சு. எனக்கும் காது இருக்குல்ல.

— அப்ப தெரிஞ்சுகொண்டோ நாள்தவறாமல் இவனுக்கு ரொட்டி சுட்டுக் குடுத்தனீ?

— ஆமாங்கய்யா, எங்கண்ணன் பாக்க வர்ற மாப்பிள்ளையே இவருதான். நல்ல நேரத்துக்கு வந்தீங்க, பஸ்ஸு வந்து நிக்குது பாருங்க. மாப்பிள்ள வீட்டுப் பெரியவரா அந்த பெஞ்சுல உக்காந்துக்கிடுங்க, இவருக்குப் பேச வராது.