அறுபதில் ஒரு பங்கு

காலையில் பல் விளக்குவதற்கு முன்பே பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிடுவேன். மூன்று பேட்டரி, ஒரு சார்ஜர். ஒன்று ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் குளித்து, துணியை அலசிப் போட்டு, கச்சிராயபாளையம் சாலைக் கடையில் இட்லி வாங்கி வந்துவிடலாம். நான்கு இட்லி. சட்னி வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஒன்பது மணிக்கு ஸ்டுடியோவைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளிப்பேன். செவ்வந்தி இருந்தபோதும் இப்படித்தான். இப்போதும் இப்படித்தான்.

திங்கட்கிழமை மனு மீதான விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள் ஐயா. வருகிறேன். எனக்குப் பேச்சு கோர்வையாக வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

என் பெயர் தங்கதுரை. வயது இருபத்தொன்பது. பி.எஸ்சி. இயற்பியல். கள்ளக்குறிச்சியில் கல்யாணம், காதுகுத்து வீடியோ எடுக்கிறேன். என் மனைவி செவ்வந்தி, திருநாவலூர்ப் பெண். 2006 ஆகஸ்டில் நிமோனியாவுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மூன்றாம் நாள் இறந்தாள். நர்ஸ் தைலம்மாள் மெஷினின் எச்சரிக்கை ஒலியை நிறுத்திவிட்டுப் படுக்கையை விட்டுப் போய்விட்டாள், அதனால்தான் சாவு என்று மருத்துவமனை முடிவு செய்தது. அப்போது நான் டீ குடிக்கப் போயிருந்தேன் என்று சொன்னேன். செவ்வந்தி தூங்கிக்கொண்டிருந்தாள் என்றும் சொன்னேன். அந்த வாக்குமூலத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

உங்களுக்கு அந்த மருத்துவமனை டாக்டர் எழுதிய பதிலின் நகலை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். மருத்துவமனைக்கு நான் செய்த விளம்பரத்தில் வரும் மெஷின் காட்சி ஜூலையிலேயே எடுத்தது, திரை ஆடியதைப் பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்தது என்று அதில் இருக்கிறது. அது தவறு. அப்படிக் கம்ப்யூட்டரில் சரிசெய்ய என்னிடம் வசதி இல்லை. எடுக்கும்போதே சரியாக எடுக்க வேண்டும். அந்த ஒரு வரியைத் திருத்தலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் திரையோ, ஆஸ்பத்திரி மெஷினின் திரையோ, படம் அதில் நிலையாக இருப்பதாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் திரை தன்னைத்தானே நொடிக்கு அறுபது தடவை மேலிருந்து கீழாக வரைந்துகொள்கிறது. நம் ஊர் கேமரா நொடிக்கு ஐம்பது தடவை பார்க்கிறது. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. அதனால் வீடியோவில் ஒரு பட்டை திரையில் உருண்டுகொண்டே இருக்கும். ஒவ்வொரு பார்வைக்கும் கேமரா எவ்வளவு நேரம் கண்ணைத் திறக்கிறதோ, அதைத் திரை ஒருமுறை வரையும் நேரத்துக்குச் சமமாக வைத்தால் பட்டை மறையும். நொடியில் அறுபதில் ஒரு பங்கு. திரைக்குத் திரை இம்மி வித்தியாசம் இருக்கும். அறுபது புள்ளி ஒன்று, அறுபது புள்ளி மூன்று என்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பட்டை நிற்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். என் கேமராவில் அந்த நுண்ணளவு வசதி கிடையாது.

ஜூலையில் அந்த மருத்துவமனைக்கு லோக்கல் கேபிளுக்கான விளம்பரம் எடுத்துக் கொடுத்தேன். மெஷின் காட்சியில் பட்டை ஓடியது. டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நான்கு பேர் இருக்கும்போதே சொன்னார்.

“இன்னா தம்பி, சென்னையிலேர்ந்து எறக்குன மெஷினு, உன் படத்துல பேய் புடிச்சாப்ல ஆடுது? எங்க மாமியாரு பாத்துட்டு, ரிப்பேரு மெஷினா மாப்ளேன்னு கேக்குது. இதுக்கு நீ காதுகுத்தே எடுக்கலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுபடி எடுத்துத் தருவதாகச் சொன்னேன். அவர் அவசரப்படுத்தவில்லை. இதை நான் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதம் செவ்வந்திக்குக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. அங்கே என்னைத் தெரியும் என்பதால் அங்கேயே சேர்த்தேன். மருத்துவமனையில் அந்த ஒரு மெஷின்தான் இருந்தது. அதை அவளுக்கு மாட்டினார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரலில் ஒரு கவ்வி. மெஷினில் பச்சைக் கோடும் நீல எண்ணும் ஓடும்.

தைலம்மாள் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். அவள் ஊரிலிருந்து நர்ஸ் படித்த முதல் ஆள் அவள்தான் என்று செவ்வந்தி சொன்னாள். எனக்கு எண்களைச் சொல்லிக்கொடுத்தது தைலம்மாள்.

“இந்த நீல நம்பரு ரத்தத்துல ஆக்சிஜன் அளவு. தொண்ணூறுக்குக் கீழ போனா பெல்லு அடிக்கும் அண்ணா. நான் ஓடியாந்துடுவேன். நான் வர்லன்னா நீங்க சத்தம் குடுங்க.”

மூன்றாம் நாள் காலை எண் தொண்ணூற்றாறு. செவ்வந்தி அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். பேசினாள்.

“பாத்தியா தைலா, மூணு நாளா அந்த மெஷினையேதான் பாத்துக்கினு கீறாரு. என் மூஞ்ச ஒருவாட்டி பாக்கல.”

“மெஷினையே கட்டிக்கச் சொல்லுக்கா. கஞ்சி கேக்காது, பொடவ கேக்காது.”

“கட்டிக்கிவாரு. தாலிய எங்க கட்றதுன்னு தெரியாமத்தான் ரோசன பண்றாரு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். செவ்வந்திக்கு இருமல் வந்தது. தைலம்மாள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அன்று காலைதான் விழுப்புரத்திலிருந்து வாடகைக் கேமரா வந்திருந்தது. நுண்ணளவு வசதி உள்ளது. அன்று மாலைக்குள் திருப்பித் தர வேண்டும், மறுநாள் அதற்கு வேறு முகூர்த்தம் இருந்தது. மெஷின் என் மனைவியின் கட்டிலருகே இருந்தது. நானும் அங்கே இருந்தேன். வேறு யாருக்கும் தொந்தரவு இல்லை. யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்கு ஆரம்பித்தேன். திரையின் கண்ணாடியில் டியூப்லைட் விழுந்தது, அணைத்தேன். ஜன்னல் தெரிந்தது, திரைச்சீலையை இழுத்துவிட்டேன். தைலம்மாளின் வெள்ளை உடுப்பும் கண்ணாடியில் விழுந்தது.

“பத்து நிமிஷம் வெளிய நில்லும்மா. யாரும் கதவத் தொறக்காம பாத்துக்க.”

“அக்காவத் தனியா வுட்டா டாக்டர் திட்டுவாரு அண்ணா.”

“தனியா இன்னா? நான் இருக்கேன் இல்ல?”

அவள் போய் வெளியே நின்றாள். நான் சொன்னபடி நின்றாள்.

ஆக்சிஜன் சிலிண்டர் சக்கர வண்டியில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றது. பெயிண்ட் உரிந்த பழைய சிலிண்டர். புது மெஷினோடு அது படத்தில் வந்தால் நன்றாக இருக்காது. கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் தள்ளினேன். வண்டிச் சக்கரம் எதன் மேலோ ஏறி நின்றது. தரையில் இருட்டாக இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை.

பிறகு ஷட்டர், கேமரா கண்ணைத் திறக்கும் நேரம். அறுபது புள்ளி ஒன்றில் பட்டை மெதுவாக ஏறியது. புள்ளி நான்கில் இறங்கியது. நடுவில் எங்கோ நிற்கும். அதைத் தேட நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் எண் தொண்ணூற்று மூன்று ஆனது, பிறகு தொண்ணூற்று ஒன்று. புள்ளி இரண்டில் பட்டை நின்றது. பச்சைக் கோடு மட்டும் கறுப்பில் சுத்தமாக ஓடியது. பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

எண்பத்தொன்பதில் பெல் அடித்தது. சத்தம் டேப்பில் விழும். தைலம்மாள் எந்தப் பொத்தானை அழுத்தி அதை நிறுத்துவாள் என்று மூன்று நாளாகப் பார்த்திருந்தேன். அழுத்தினேன். திரையின் மூலையில் சின்ன மணிப் படம் வந்தது, அதன் மேல் குறுக்கே ஒரு கோடு.

எண் குறைவது எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று முன்பு சொன்னேன். தொண்ணூற்றாறிலேயே நின்றுகொண்டிருந்தால் விளம்பரத்தில் அது போட்டோ மாதிரித் தெரியும். எண் மாறினால்தான் மெஷின் வேலை செய்வது பார்ப்பவருக்குப் புரியும். அப்படித்தான் நினைத்தேன். அதற்கு மேல் எதையும் நினைத்ததாக ஞாபகம் இல்லை.

மூன்று நிமிடம் நாற்பது நொடி எடுத்தேன். டேப்பைப் பின்னால் சுற்றி, எடுத்ததை உடனே போட்டுப் பார்ப்பது என் வழக்கம். கல்யாணத்தில் தாலி கட்டும் காட்சியைக்கூட அப்படித்தான் பார்ப்பேன். பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அதன் பிறகு கேமராவைப் பையில் வைத்து, முக்காலியை மடக்கி, திரைச்சீலையை விலக்கினேன்.

தைலம்மாளைக் கூப்பிட்டேன். சக்கரத்தின் கீழே குழாய் நசுங்கியிருந்ததைக் கண்டுபிடித்து இழுத்தது அவள்தான். நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தது அவள்தான். டாக்டர் வந்து அவளைத் தள்ளிவிடும்வரை அழுத்தினாள். கேமராப் பை என் தோளில் இருந்ததை டாக்டர் பார்த்தார். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திருநாவலூரிலிருந்து என் மாமியார் ராணியம்மாள் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. அவர் கேள்வி கேட்டது தைலம்மாளைத்தான்.

“மலையில சாம குத்திக்கினு இருக்க வேண்டியவள இங்க கொணாந்து உக்கார வச்சாங்களே. எம் பொண்ணு மூச்சு வுடாம கெடக்கறா, நீ கதவுக்கு வெளிய இன்னாடி பண்ணிக்கினு இருந்த?”

“அண்ணாதான் நிக்கச் சொன்னாரும்மா.”

மாமியார் என்னைப் பார்த்தார். “நான் டீக்கடைக்குப் போயிருந்தேன் அத்தை” என்றேன். அதுதான் முதல் தடவை சொன்னது. பிறகு சொல்வது சுலபமாக இருந்தது.

கேமராவை மாலை ஐந்து மணி பஸ்ஸில் விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டேன். தாமதமாகவில்லை. டேப் என்னிடம் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உட்கார்ந்து விளம்பரத்தை மறுபடி கோர்த்தேன். அந்தக் காட்சியிலிருந்து ஏழு நொடி எடுத்துக்கொண்டேன். எண் எண்பத்தொன்றிலிருந்து எழுபத்தெட்டுக்கு வரும் இடம். அங்கேதான் ஃபோகஸ் மிக நன்றாக இருந்தது. சத்தத்தை எடுத்துவிட்டு வீணை இசை போட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு, “இப்ப மெஷினு மாதிரி கீது” என்றார். தை மாதம்வரை தினமும் ஆறு தடவை ஓடியது. ஊரே பார்த்தது. எண்ணை யாரும் படிக்கவில்லை.

தைலம்மாள் படித்தாள். பொங்கலுக்கு முன்னால் புளி மூட்டையோடு கீழே இறங்கி வந்தவள், வெள்ளிமலை பஸ்ஸுக்காக நின்ற டீக்கடையில் அதைப் பார்த்திருக்கிறாள். நேராக ஸ்டுடியோவுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றாள்.

“அண்ணா, டிவில ஓடிக்கினு இருக்கறது அக்காவோட நம்பரா?”

“எல்லா மெஷினும் ஒரே மாதிரிதான்.”

“பெல்லு மேல கோடு போட்டுக்கீது. நான் அமுக்கல அண்ணா. நான் வெளிய நின்னேன். நீங்கதான நிக்கச் சொன்னீங்க?”

நான் சார்ஜரில் பேட்டரியை மாற்றிப் போட்டேன்.

“என்னை வேலய வுட்டு எடுத்த பேப்பரு மலைக்கு வந்துச்சு. எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படிச்சுக் காட்டுனேன். சேலத்துல ரெண்டு ஆஸ்பத்திரி கேட்டேன், அந்தப் பேப்பரப் பாத்துட்டு வேணாம்னுட்டாங்க. எம்மேல தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நான் போய்க்கினே இருப்பேன்.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு” என்றேன்.

அவள் போனாள். அதற்கப்புறம்தான் உங்களுக்கு மனுக் கொடுத்திருக்கிறாள். மனுவில் அவள் எழுதியிருப்பது எல்லாம் உண்மை. ஒரு வரிகூடக் கூட்டி எழுதவில்லை. அவளுக்கு அவள் வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மூல டேப்பை இதனுடன் வைத்திருக்கிறேன். திரை எங்கேயும் ஆடாது. படத்தில் செவ்வந்தி இல்லை. நான் ஃப்ரேமை மெஷினுக்கு மட்டும் வைத்திருந்தேன். ஆனால் கேமராவின் மைக் எல்லாப் பக்கமும் கேட்கும். நீங்கள் சத்தத்தோடு போட்டுக் கேட்க வேண்டும்.

கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று மாமியார் ஒவ்வொரு அமாவாசைக்கும் வந்து கேட்கிறார். ‘அம்மாவப் பாத்துக்கங்க’ என்று சொன்னதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கு அது ஆறுதலாக இருக்கிறது. அவள் அப்படிச் சொல்லவில்லை. தூங்கவும் இல்லை. ஒரு நிமிடம் ஐம்பதாவது நொடியில், எண் எண்பத்து நான்கில் இருக்கும்போது பேசினாள். நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், பேசாதே என்று கையைக் காட்டினேன். அதன் பிறகு அவள் பேசவில்லை. நான் சொன்னால் கேட்கிறவள்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: “மூச்சு முட்டுதுங்க. அப்புறமா எடுத்துக்கலாம்.”