சார் கண்ணாடியைக் கழட்டலை

– சயின்ஸ் கதை எழுதுத சாருக்கு விழா, ராக்கெட் மாதிரி ஸ்வீட் வேணும்னு அந்த மிஷ்டிக் கடைக்காரன்கிட்ட படம் போட்டே காட்டுனேன், பாகீரதியம்மா. பச்சைக் கலர்ல சந்தேஷைப் பிடிச்சுக் குடுத்திட்டான். பாத்தா அசல் பாவக்கா! சௌந்தரராஜன் சார் அதைக் கையில தூக்கி வச்சுக்கிட்டு, 'பிரிட்டோ, இது எந்தக் கிரகத்துக்குப் போறது?'ன்னு கேட்டாவ பாருங்க, நான் அங்கனயே செத்தேன்.

– சிரிக்காதீங்கோ பிரிட்டோ, டீ சிந்தறது. எண்பது வயசு மனுஷர், அந்தப் பாவக்காயில பாதியை அவரே சாப்பிட்டார். இந்தக் கல்கத்தா லேக் கார்டன்ஸ்ல இருபது வருஷமா வாசகர் வட்டம் நடத்தறேன், இப்படி ஒரு கூட்டம் வந்ததே இல்லை. கரக்பூர்லேர்ந்துகூட ரெண்டு பேர் ரயிலேறி வந்தா. எல்லாத்தையும் விழா மலர்ல போட்டாகணும். அக்ஷரா, சார் பேச்சை எழுதி முடிச்சியா?

– தாராவ், இருங்க பாகீரதி மாஷி, எழுதிட்டே இருக்கேன். நான் போன்ல எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கேக்கணும் இல்ல? என் தமிழ் ஸ்பெல்லிங் பாத்து யாரும் சிரிக்கக் கூடாது. ஒண்ணு கேக்கலாமா? நான் அன்னிக்குத்தான் முதல் தடவை வந்தேன். அவர் 'இது கதை'ன்னு சொல்லவே இல்லையே. எடுத்த உடனே 'என் வீட்ல'ன்னு ஆரம்பிச்சுட்டார்.

– அதுதாம்மா சாருக்க பழக்கம். மேடையில ஏறினா கதைன்னே சொல்லமாட்டாவ. தனக்கே நடந்த மாதிரிதான் சொல்லுவாவ. ஒருக்கா, 'நேத்து டாலிகஞ்ச் மெட்ரோவுல என்னையே பாத்தேன், பத்து வயசு கூடியிருந்தது'ன்னு ஆரம்பிச்சாவ. புதுசா வந்த ஒருத்தன் பதறிப் போய் எந்திரிச்சு, 'டாக்டரைப் பாத்தீங்களா சார்?'ன்னுட்டான். அம்புட்டுப் பேருக்கும் அவன்தான் டீயும் சமோசாவும் வாங்கிக் குடுத்தான்.

– அது வட்டத்தோட சட்டம். நடுவுல கேள்வி கேட்டா அபராதம். கதை முடிஞ்சதும் சார் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வைப்பார். அதுக்கப்புறம்தான் கை தட்டணும், பேசணும், எல்லாம்.

– அதுவரைக்கும்?

– மூச்! நீ எழுதினதை வாசி, நான் கேக்கறேன். வெள்ளிக்கிழமை மலர் அச்சுக்குப் போகணும்.

– 'என் வீட்ல ராத்திரி ஒரு மாத்திரை குடுக்கறா. அதைச் சாப்பிட்டா எனக்கு ஒரு நாள் காணாமப் போயிடறது. செவ்வாய்க்கிழமை படுத்தா வியாழக்கிழமை முழிச்சுக்கறேன். நடுவுல இருந்த புதன்கிழமை எங்கேன்னு கேட்டா, மாமா, உங்களுக்கு வயசாயிடுத்துங்கறா.'

– காலப் பயணம்! இம்மாம்பெரிய மெஷினு, புகை, ஒண்ணும் கிடையாது. ஒத்த மாத்திரையில காரியத்தை முடிச்சிட்டாவ. மனுஷ மூளையா அது?

– 'நான் போடாத கையெழுத்து எனக்கு முன்னாடியே நாளைக்குப் போய் உக்காந்திண்டிருக்கு. நான் அங்க போய்ச் சேர்றச்சே வீடு என் பேர்ல இல்லை.' மாஷி, இந்த இடத்துல எல்லாரும் சிரிக்கறாங்க.

– முதல்ல சிரிச்சது நான்தான். என்ன மாதிரி வரி! இந்த ஒரு வரிக்கே விழா எடுக்கலாம்.

– 'ஜன்னலுக்குப் பலகை அடிச்சாச்சு. வெளியில பகலா ராத்திரியான்னு தெரியலை.'

– விண்கலம்! பக்கத்துல இருந்தவருகிட்ட நான் அப்பமே சொன்னேன், கதை பூமியில நடக்கல, பாத்துக்கிடுங்கன்னு.

– பிரிட்டோ காக்கு, நீங்க அவர் வீட்டுக்குப் போயிருக்கீங்க இல்ல?

– போவாம? பெஹாலாவுல இருந்து பஸ் பிடிச்சு மாசத்துக்கு ஒருக்கா போவேன். சாருக்கு நண்டுன்னா பயம், நான் நண்டு கதையா சொல்லுவேன், சிரிப்பாவ. இப்ப ஆறு மாசமாத்தான் போவல. சாருக்க அக்கா மவன் சிவராம் வந்து கூட இருக்கான்லா, அவன் பாத்துக்கிடுதான். 'மாமா எழுதறார், யாரும் தொந்தரவு பண்ணாதீங்க'ன்னுட்டான்.

– அந்த வீட்டு ஜன்னல் எப்படி இருக்கும்?

– நல்லாத்தான் இருக்கும். மாடியில தெருவைப் பாத்த மாதிரி ரெண்டு பெரிய ஜன்னல். ஆனா விழா அன்னிக்கு டாக்சி எடுத்துக்கிட்டுக் கூப்பிடப் போனேன்லா, அப்ப ரெண்டுலயும் பலகை அடிச்சிருந்தது. மழைக்குன்னு சிவராம் சொன்னான்.

– பிப்ரவரியில என்ன மழை, காக்கு?

– கொசுவுக்கா இருக்கும். அக்ஷரா, உன்னை எழுதச் சொன்னேனா, துப்பறியச் சொன்னேனா?

– எழுதறேன் மாஷி. கடைசிப் பாகத்தை மட்டும் ஸ்பீக்கர்ல போடறேன், கேளுங்க. 'இங்க இருக்கறவாள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், வர ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினாப் போதும். பலமாத் தட்டணும். நான் உள்ள முழிச்சிண்டிருப்பேன். முந்தின நாள் மாத்திரையை முழுங்காம நாக்குக்கு அடியில...'

– அதுக்கு மேல கேக்கவே விடலியே! அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னுல்லா தட்டினோம். எனக்குக் கை செவந்து போச்சு.

– காக்கு, அவர் கண்ணாடியைக் கழட்டலை.

– என்னது?

– மூணு தடவை பார்த்துட்டேன். இதோ, நீங்களே பாருங்க. கண்ணாடி மூக்குலதான் இருக்கு. நீங்க தட்டறப்ப அவர் ரெண்டு கையையும் தூக்கி வேண்டாம், வேண்டாம்ங்கறார். நீங்க எல்லாரும் இன்னும் பலமாத் தட்டறீங்க.

– மாதாவே... தன்னடக்கம்னுல்லா நெனச்சேன்.

– முதல் கைதட்டு எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. மேடையில, அவருக்குப் பக்கத்து நாற்காலி.

– சிவராம்.

– அவர் முடிக்கறதுக்குள்ளேயே தட்டிட்டார். அப்புறம் தோள்ல கையை வச்சு அமுக்கி உக்கார வைக்கறார். மாஷி, நீங்க பார்க்கவே மாட்டேங்கறீங்களே. வாங்க, இந்தப் பக்கம் வந்து பாருங்க.

– எனக்குப் பார்க்க வேண்டாம். அன்னிக்கு அங்கேயேதானே உக்காந்திருந்தேன். எண்பது வயசுல ஒரு மனுஷர் கண்ணாடி கழட்ட மறக்கப்படாதா?

– இருபது வருஷத்துல ஒருநாளும் மறக்கலியே, பாகீரதியம்மா.

– இன்னொண்ணும் இருக்கு. போன வாரம் சிவராம் எனக்கு ரெண்டு தடவை போன் பண்ணார். வீடியோவை அழிச்சுடு, மாமா அந்தக் கதையைப் புஸ்தகமாப் போடப் போறார், வெளிய போகக் கூடாதுன்னார். குரல் நல்லாவே இல்லை. பயந்து போய் அழிச்சுட்டேன்னு பொய் சொன்னேன். என் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைச்சுதுன்னே தெரியலை.

– நான்தான் குடுத்தேன். கேட்டார், குடுத்தேன். அதுல என்ன தப்பு?

– ரெண்டு பேரும் செத்த நேரம் பேசாம இருங்க. சாருக்கு அடிக்கேன்... ஸ்விட்ச் ஆஃப். சிவராமுக்கு அடிக்கேன்... ஆங், சிவராம், பிரிட்டோ பேசுதேன். சாரைக் கொஞ்சம் கூப்பிடேன், ஒத்த வார்த்தைதான். தூங்குதாவளா? மத்தியானம் மூணு மணி ஆவுது, இன்னுமா? சரி, முழிச்சதும்... எங்க? எப்ப? ...சரி. சரிப்பா. வச்சிடுதேன்.

– என்ன சொன்னார்?

– நாளைக்குக் காலையில சாரை ஊருக்குக் கூட்டிட்டுப் போறானாம். வீடு கைமாறியாச்சாம். எந்த ஊருப்பான்னா, 'மெட்ராஸ் பக்கம்'ங்கான். இன்னிக்கு விட்டா அந்த மனுஷனை நாம எங்கன போய்த் தேட?

– அப்போ இப்பவே போகணும். முதல்ல போலீஸ் ஸ்டேஷன். இந்த வீடியோவைக் காட்டி ஒரு ஆளைக் கூட்டிட்டு நேரா வீட்டுக்கு. நான் பெங்காலியில பேசிக்கறேன். கார் புக் பண்ணியாச்சு, ஏழு நிமிஷம்.

– ஒரு கதைக்காகப் போலீசா? நாளைக்கு ஊர் சிரிக்கும், பிரிட்டோ. சாரே சிரிப்பார்.

– சிரிக்கட்டும்! கதையா இருந்தா என் நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு இந்த ஊரைச் சுத்தி வாரேன். இருபது வருஷமா அவுக சொன்ன பொய்யெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டோம். ஒரே ஒருநாள் நெசத்தைச் சொல்லி நம்ம காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சியிருக்காவ, நாம கை தட்டி அனுப்பி வச்சிருக்கோம். கதவைத் திறக்கலேன்னா நான் ஒடைப்பேன். போர்ட்டுல முப்பது வருஷம் கிரேன் ஓட்டுன கை இது.

– கார் திரும்பிடுச்சு, தெரு முனைக்கு வந்தாச்சு. மாஷி, செருப்பைப் போடுங்க. மாஷி? ஏன் இன்னும் உக்காந்திருக்கீங்க?

– நீங்க ரெண்டு பேரும் போங்கோ.

– நீங்க செகரட்டரி. நீங்க சொன்னாத்தான் போலீஸ்ல நம்புவாங்க.

– அந்த ஞாயித்துக்கிழமை நம்மள்ல யாருமே போகலை இல்லையா? பதினொண்ணேகாலுக்கு எனக்கு ஒரு போன் வந்தது. தெரியாத நம்பர். எடுத்தா, சார். 'பாகீரதி, யாரும் வரலையே'ன்னார். குரல் அப்படியே உடைஞ்சு போயிருந்தது.

– எங்களுக்கு ஏன் சொல்லல்ல?

– ரெண்டாவது அத்தியாயம்னு நினைச்சேன், பிரிட்டோ. ஊர்ல இத்தனை பேர் இருக்க, எனக்கு மட்டும் தனியா சொல்றாரேன்னு பூரிச்சுப் போயிட்டேன். எனக்குன்னு இந்த வட்டத்தை விட்டா வேற என்ன இருக்கு? சட்டப்படி, நடுவுல ஒரு கேள்வி கேக்கலை. முழுக்கக் கேட்டேன்.

– என்ன சொன்னாவ? சீக்கிரம் சொல்லுங்கம்மா!

– சமையல்காரி ரஞ்சனாவோட போன்லேர்ந்து பேசறேன்னார். இந்த வீட்ல அவ ஒருத்திதான் என் பக்கம்னார். புதன்கிழமை சிவராம் வெளிய போறப்போ அவ பின்பக்கக் கதவைத் திறந்து விடுவா, நேரா உன் வீட்டுக்குத்தான் வருவேன், சிவராமுக்கு மட்டும் தெரியப்படாதுன்னார்.

– அந்தப் புதன்கிழமை வந்தாரா மாஷி?

– வரலை. அதுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, சிவராம் எனக்குப் போன் பண்ணினார். 'மாமாவோட கதை அப்புறம் எப்படிப் போறதுன்னு உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?'ன்னு கேட்டார். எனக்குத்தான் முதல்ல தெரியும்னு பீத்திக்கற ஆசையில, ஒரு வரி விடாம சொல்லிட்டேன், ரஞ்சனா பேரையும் சேர்த்து.