ஆத்தா பேரில் சொன்ன பொய்

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண்கள் இருவரும் தணிந்த குரலில்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். "மாரியாத்தா பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன்" என்று அவர்களில் மூத்தவர், பருத்த உடம்புக்காரர், சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"யாருகிட்ட மதினி?"

"மகளோட மாமியாருகிட்ட. மகளப் பாக்க ஆலங்குளம் போனேன். எனக்காகக் கோழிக்குழம்பு வச்சிருந்தாக. சுகருக்கும், இந்த உடம்பக் குறைக்கவும் கறிய விட்டுட்டேன்னு எப்படிச் சொல்ல? கல்யாணத்துலயே என் உடம்பப் பாத்துச் சிரிச்ச குடும்பம். நாளைக்கு எம்மகளுக்கும் சுகர் வரும்னு பேசுவாக. அதான், இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டு கறிய விட்ருக்கேன்னுட்டேன்."

"அதுல என்ன தப்பு?"

"எதுக்கு நேந்தீகன்னு கேட்டாக. எம்மக வயித்துல ஒரு புள்ள தங்கணும்னுதான்னு வாயில வந்துருச்சு."

இளையவர் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அந்தம்மா என் கையப் பிடிச்சிக்கிட்டு அழுதுட்டாக. நானும் இன்னைலேருந்து கறி தொடமாட்டேன், ரெண்டு பேரும் சேந்தே கோயிலுக்குப் போவோம்னாக."

"அப்பவாவது உண்மையச் சொல்லிருக்கலாம்ல?"

"அழுதுக்கிட்டிருக்கவுககிட்ட எப்படிச் சொல்ல? சரின்னு தலையாட்டினேன். கோழிக்குழம்ப அப்படியே பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டு, எனக்குப் பாயசம் வச்சாக. அதையும் வேண்டாங்க முடியல. குடிச்சிட்டேன்."

"மக என்ன சொன்னா?"

"நான் சுகருக்குத்தான் கறிய விட்டேன்னு அவளுக்குத் தெரியும்ல. டம்ளர எடுக்க வந்தா. என் முகத்தப் பாக்கவே இல்ல."