கறுப்புக் குதிரையின் நாலாவது லாடம்

விடியற்காலை நாலரை மணி. கரையான்சாவடியிலிருந்து உள்ளே பிரிகிற மண்சாலை. இரண்டு பக்கமும் முள்வேலி... ஆள் நடமாட்டம் கிடையாது. நம் ஃபேக்டரி எத்திராஜின் தாய்மாமன் கஜபதி சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். பின்னால் ஒரு சத்தம். பொத்... பொத்... பொத்... பொத்.

லாடம் இல்லாத குதிரை.

பாஸ்கரா, கொஞ்சம் தள்ளி உட்கார். மூச்சு விட்டே மெழுகுவர்த்தியை அணைத்துவிடுவாய் போலிருக்கிறது. கரண்ட் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். இது எத்திராஜே என்னிடம் சொன்னது. அவனுக்குக் கதை கட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் ஃபேக்டரியில் லீவு கேட்க இத்தனை திணற மாட்டான்.

எண்பத்தாறாம் வருஷம். கஜபதிக்குத் தொழில் லாடம் அடிப்பது. பூந்தமல்லியில் ஜட்கா வண்டிகள் அநேகமாகப் போய்விட்டன. ஆனால் வெள்ளைக்காரன் பட்டாளத்துக் காலத்து லாயம் ஒன்றில் ஒரு பணக்காரர் ரேஸ் குதிரைகளை வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தார். அந்த வேலையில் கஜபதியின் குடும்பம் ஓடியது. கடைக்காரர்களும் அவரை விட மாட்டார்கள். தேய்ந்த லாடத்தை நிலைப்படியில் அடித்தால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்று ஒரு நம்பிக்கை. புதுசு ஆகாது. குதிரை ஓடித் தேய்ந்ததாக இருக்க வேண்டும்.

அவருக்கு அப்போது ஒரே கவலை, மகள் வனஜா. வந்த வரன் எல்லாம் தட்டிக்கொண்டே போனது. சனி பிடித்திருக்கிறது, கறுப்புக் குதிரை லாடத்தில் மோதிரம் செய்து போடு என்றார் ஜோசியர். லாயத்தில் கறுப்பு ஒன்றே ஒன்றுதான். பெட்டைக் குதிரை. கிண்டியில் அதன் முதல் ரேஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அதற்குள் காலைப் பயிற்சியில் தடுக்கி விழுந்து, கழுத்து முறிந்து செத்துப்போனது. ஒரு ரேஸ்கூட ஓடவில்லை, பாவம்.

குதிரை செத்தால் லாடத்தோடுதான் புதைக்க வேண்டும். குதிரைக்காரர்கள் வேறு எதில் ஏமாற்றினாலும் இதில் கை வைக்க மாட்டார்கள். கஜபதிக்குத் தெரியாதா? தெரிந்தேதான், குழி வெட்டியவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில், நாலையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்றை அடித்து மகளுக்கு மோதிரம் செய்தார். மீதி மூன்றும் அரிசிக் கடைக்கும், சைக்கிள் கடைக்கும், சலூனுக்கும் போயின. சொல்லி வைத்தது போல வரனும் வந்தது. வேப்பம்பட்டு மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை. வெறும் இருட்டு... அதிலிருந்து குதிரை வேர்வை நாற்றம் மட்டும் சூடாக வந்தது.

மறுநாள் அரிசிக் கடை தசரதன் தேடிக்கொண்டு வந்தார்.

"அண்ணாத்தே, நெலைல ஆணி அப்டியே கீது. லாடத்த மட்டும் காணோம். இன்னான்னே தெர்ல."

அன்று விடியற்காலை சத்தம் மாறியிருந்தது. டக்... பொத்... பொத்... பொத்.

அடுத்து சைக்கிள் கடை. டக்... டக்... பொத்... பொத். சலூன் லாடமும் போனபோது கஜபதிக்குச் சோறு இறங்கவில்லை. மிச்சம் இருப்பது மகளின் விரலில். மனைவி வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, மோதிரத்தைக் கழற்றிக் குதிரையின் குழியில் போட்டுவிடலாம் என்றார். பயந்தாள்தான். ஆனால் வேறு பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"நாளைக்கு நிச்சயம் முடியட்டும்யா. அப்பால கயட்டிக்கலாம். இப்ப கயட்டி இந்த வரனும் பூட்ச்சின்னா, உன் பொண்ணு மூஞ்சிய நீயே பாத்துக்கினு இரு."

ஒரே ஒரு ராத்திரிதானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். கதவைத் தாழ்ப்பாள் போட்டு, உள்பக்கம் வாசலை அடைத்துப் பாயை விரித்துப் படுத்தார். வெளியே நல்ல மழை.

எப்போது கண் அசந்தாரோ தெரியாது. விழித்தபோது மழை விட்டிருந்தது. தூரத்தில் சத்தம். இந்த முறை நடக்கவில்லை... ஓடியது. நாலு கால் பாய்ச்சல். டக்டக்டக்... சத். டக்டக்டக்... சத். மூன்று இரும்பு. நாலாவது இரும்பும் இல்லை, குளம்பும் இல்லை. ஈரத்தில் ஏதோ மெத்தென்று பதிகிற சத்தம்.

சத்தம் நின்றது.

தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. திறந்து டார்ச் அடித்தார். வாசல் சேற்றில் தடங்கள், படியிலிருந்து ரோடு வரை. லாடம் பதிந்த குளம்பு... குளம்பு... குளம்பு. நாலாவது இடத்தில் ஒரு மனுஷக் கால். வெறுங்கால். ஐந்து விரலும் தெளிவாக. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒன்று, எல்லாமே வலது கால்.

உள்ளே ஓடினார். வசந்தா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வனஜா. மோதிரம் விரலில் அப்படியே இருந்தது. இடது கால் சுத்தமாக இருந்தது. வலது கால் முழங்கால் வரைக்கும் சேறு. புடவையெல்லாம் வேர்வையில் நனைந்து, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது.

கஜபதி உட்கார்ந்து அவள் தலையைத் தொட்டார். கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே, ஆசையாகக் கேட்டாள்.

"நைனா... நான் எத்தினியாவதா வந்தேன்?"